கீழே வைக்காத ரிசீவர்

மாலை ஐந்து பத்துக்கு உரக்கடை போன் அடித்தது. எடுத்தது நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

முத்துப்பேட்டைக்கு வடக்கே, வாய்க்கால் முடியும் கடைமடையில் எங்கள் ஊர். ஊருக்கே அந்த ஒரு போன்தான். தை மாதம், எங்கள் மூன்று ஏக்கர் சம்பா முற்றித் தலை சாய்ந்து நின்றது. வானமோ இருட்டிக்கொண்டு வந்தது. பாபநாசம் பக்கம் ஓடிக்கொண்டிருந்த அறுவடை மெஷினின் ஏஜெண்டு அன்று கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். போகிற ஊர் பூத்திலிருந்து அவர்தான் பேசுவார். அவரைப் பிடிக்க எங்களிடம் எண் கிடையாது. அதனால் அப்பா என்னை உரக்கடையில் காவல் வைத்துவிட்டு வயலுக்குப் போயிருந்தார். கடைக்கார மாமா டீ குடிக்கப் போயிருந்தார்.

"அப்பாவக் கூட்டிட்டு வா பாப்பா, கொஞ்ச நேரத்துல மறுபடி பேசுறேன்" என்றார் ஏஜெண்டு.

போனை வைத்துவிட்டால் அவர் வேறு ஊருக்குப் போய்விடுவார் என்று எனக்குத் தோன்றியது. ரிசீவரை யூரியா மூட்டைமேல் பதமாகப் படுக்கவைத்து, தூசு படாமல் ஒரு சாக்கையும் போர்த்திவிட்டு ஓடினேன்.

நாங்கள் வருவதற்குள் மாமா எதையும் கவனிக்காமல் கடையைப் பூட்டிக்கொண்டு வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய்விட்டிருந்தார். அப்பா கதவுப் பலகையில் காதை வைத்து நின்றார். மணி அடிக்கவே இல்லை.

"சரியா வெச்சியாம்மா?"

"கீழ வைக்கவே இல்லப்பா. அவரு உள்ளதான் இருக்காரு" என்றேன் பெருமையாக.

அப்பா திட்டவில்லை. அவருக்கும் சேர்த்து அம்மா திட்டினாள். கூரையில் முதல் தூறல் விழுந்தபோதுதான் நான் என்ன செய்துவிட்டேனோ என்று பயந்தேன். இன்றைக்கும் விடுதியில் படிக்கும் என் மகளின் எண் பிஸி என்று வந்தால் கிடைக்கும்வரை விடாமல் அடிக்கிறேன். அவள் சிரிக்கிறாள்.

நல்லவேளை, தூறல் வலுக்கவில்லை. மறுநாள் காலை வரப்போரம் ஒரு மொபெட் வந்து நின்றது. பின்னால் தூரத்தில் மெஷின் சத்தம். அடி விழாது என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. கடைக்குக் கடை போன் இருந்த ஊர்களுக்கு மெஷின் முதலில் போனதற்கும், எங்கள் நெல் வருடா வருடம் வயலிலேயே கொட்டிப்போனதற்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது தெரியாது. சேறு தெறித்த சட்டையோடு இறங்கிய ஏஜெண்டு சொன்னதற்கு, அப்பா சிரித்துக்கொண்டே ஏன் கண்ணைத் துடைத்தார் என்பதும்தான்.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து உங்க லைன் எங்கேஜ்டாவே இருந்துச்சுங்க. இவ்வளவு போன் பேசுற ஊருல நாலு நாளைக்காவது வேலை இருக்கும்னு மெஷின இங்க திருப்பிட்டேன்."