இறங்க வேண்டிய ஏலம்

கம்பத்து வாழைத்தார் மண்டியில் கர்ணன் ஏலம் கூறினால், ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கும் அன்றைய விலை தெரிந்துவிடும். அப்படியொரு தொண்டை. விலை ஏற ஏற அவருக்கும் உற்சாகம் ஏறும். தார் என்னவோ அவர் தோட்டத்தில் வெட்டியது போலக் குதிப்பார். வீட்டிலும் அதே தொண்டைதான். "இது என்ன மண்டியா? மெதுவாப் பேசுங்க" என்று மனைவி உமாதேவி, கல்யாணமான நாளிலிருந்து தலையில் அடித்துக்கொள்கிறார். மெதுவாகப் பேசுவது எப்படி என்றுதான் மனிதருக்குத் தெரியாது.

வெகுகாலம் காத்திருந்து பிறந்த மகள், வீட்டுக்கு வந்த சில நாளிலேயே பால் குடிப்பதை விட்டாள். உடம்பு துவண்டது. அழுகைகூட முனகலாகிவிட்டது. அள்ளிக்கொண்டு தேனிக்கு ஓடினார்கள். ரத்தத்தில் கிருமி புகுந்திருக்கலாம் என்ற டாக்டர், உடனே மருந்து ஏற்ற ஆரம்பித்தார். கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு நாளாகுமாம். அதுவரை நிலவரம் பார்க்க சி.ஆர்.பி. என்று ரத்தத்தில் ஓர் அளவு இருக்கிறதாம்.

முதலில் எடுத்தபோது ஆறு. மறுநாள் அறுபத்திரண்டு.

நர்ஸ் ஷீபா எண்ணைச் சொன்னதுதான் தாமதம், கர்ணன் முகமெல்லாம் பல்லாகிவிட்டது. மண்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டார். "ஏலே, ஆறு அறுபத்திரண்டுக்கு ஏறிருச்சு! எம் மக பொழச்சுக்கிட்டா!"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. ஷீபா ஓடிவந்தார்.

"அண்ணே, இது ஏறக் கூடாது. உள்ள கிருமியோட சண்டை நடந்தா ஏறுற அளவு. பத்துக்குக் கீழ இறங்கணும்."

"அப்ப நேத்து ஆறுன்னு சொன்னீகளே?"

"ஆரம்பத்துல சிலசமயம் காட்டாதுண்ணே. அதான் ஒரு தடவையோட விடாம திரும்பத் திரும்ப எடுக்குறோம்."

கர்ணன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த போனில் பூங்கொத்தும் கைதட்டலுமாக வந்து விழுந்துகொண்டே இருந்தன. அதை அணைக்கக்கூட அவருக்குக் கை வரவில்லை.

பிழைப்பே விலை ஏற்றுவதாக இருந்த மனிதர், ஓர் எண் இறங்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டார். அதுவும் சத்தமில்லாமல். அடுத்து நாற்பது. நம்பப் பயந்து, ஷீபாவை மறுபடி சொல்லச் சொன்னார். அதற்கடுத்து பதினெட்டு. மகள் காலை உதைத்தாள், அப்பன் விரலைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தாள். எண்ணைவிட அந்தப் பிடிதான் அவருக்குத் தெம்பு தந்தது.

ஒருநாள் காலையில் ஷீபா சிரித்துக்கொண்டே வந்தார். "ஏழுண்ணே! பிள்ளையைத் தாய்கிட்ட விட்டுப் பால் குடுக்கச் சொல்லிட்டாக டாக்டர்."

கர்ணன் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

மகளை உமாதேவியின் மடியில் வைத்தார்கள். சத்தம் போடக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. எழுதாவிட்டாலும் கர்ணன் கத்தியிருக்க மாட்டார். குனிந்து, மகளின் காதருகே முதல்முறையாக மெதுவாகப் பேசினார்.

"ஏழுக்கு ஒரு தரம்... ஏழுக்கு ரெண்டு தரம்..."

மூன்றாவது வாயில் வரவில்லை, அழுகை முந்திக்கொண்டது. மகளோ வாயைத் திறந்து, தேடி, கவ்வி, உறிஞ்சத் தொடங்கினாள்.

"மூணு தரம்!" என்று கத்தினார் உமாதேவி. கம்பத்து மண்டிக்கே கேட்டிருக்கும்.