தண்ணீருக்குள் எரிந்த படங்கள்

என் கையெழுத்து சாய்ந்து சாய்ந்துதான் போகும். படித்தது ஐந்தாம் வகுப்பு. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றைக்கும் தடுமாறுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பிரான்சில் இருக்கும் என் அண்ணன் ஓர் ஆடி மாதம் குடும்பத்தோடு எங்கள் வைத்திக்குப்பம் வீட்டுக்கு வந்திருந்தார். அவர் மகள் அப்போது சின்னப் பெண். அவளுக்குத் தமிழ் வராது, எனக்குப் பிரெஞ்சு வராது. நான் தெரிந்தவர்களிடமே தலையைக் குனிந்துகொண்டு பேசுகிறவன். அவள் என்னை, வெளியாளை ஐயா என்று கூப்பிடுகிற மாதிரி, பிரெஞ்சில் "முசியே" என்றாள்.

"அடியே, சித்தப்பாடி அது!" என்று அண்ணி அதட்டினார்.

"வுடுங்கக்கா, இந்த மூஞ்சிய ஒருத்தராவது மரியாதையா கூப்புடட்டும்" என்று என் மனைவி சிரித்தாள்.

எனக்குத்தான் சுருக்கென்றது. அண்ணனுக்கு ஒரே பிள்ளை. என்னோடு பழகாமலே திரும்பிப் போய்விடுவாளோ என்று மனசு அடித்துக்கொண்டது.

அவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுகிற முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஏதோ சாகச விளையாட்டு. பூட்டிய கதவுக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கிறான். சுவரில் மேலிருந்து கீழாகக் கண், பறவை, பாம்பு, சூரியன், மீன். சரியான வரிசையில் தொட்டால் கதவு திறக்கும் போலிருக்கிறது. அவள் மேலிருந்து தொட்டாள். தண்ணீர் பீறிட்டது. பயந்து உடனே அணைத்துவிட்டு, டேப்லெட்டை என் பக்கம் தள்ளினாள்.

நான் பெரிய மார்க்கெட்டில் மீன் பெட்டி தூக்குகிறவன். பெட்டிகளில் பெயர் இருக்காது. பூ, நங்கூரம், பிறை என்று ஆளுக்கொரு குறி. அடுக்கில் அடியில் இருப்பதுதான் முதலில் வந்த பெட்டி. அந்தப் பழக்கத்தில் கீழே இருந்த மீனில் தொடங்கி மேல்நோக்கித் தொட்டேன். தண்ணீர் கொட்டியது. எனக்கு அணைக்கத் தெரியவில்லை.

"அய்யோ, ஆளு முழுவுறான்! யாராவது வாங்களேன்!"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. தண்ணீருக்குள் போன படங்கள் ஒவ்வொன்றாக விளக்குப் போல எரிந்தன. முதலில் பாம்பு, பிறகு கண், அப்புறம் மீன். வரிசை அங்கேதான் இருந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பயத்தில் அணைத்துவிட்டதால் அவள் அதைப் பார்த்ததே இல்லை.

மறுபடி தொடங்கினோம். மற்றதெல்லாம் அவள் தொட்டாள். கடைசிப் படத்துக்கு, காய்த்துப்போன என் விரலைப் பிடித்து அழுத்தினாள். கதவு திறந்தது. பிரெஞ்சில் மூச்சு விடாமல் என்னென்னவோ சொன்னாள். நானும் தமிழில் விடாமல் பேசினேன், அதுவரை அவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை.

"என்னடா பேசிக்கிறீங்க? நான் வேணா சொல்லவா?" என்று அண்ணன் வந்தார்.

"நீ போண்ணே, நாங்க பேசிக்கிறோம்" என்றேன்.

இப்போது அவள் காலேஜ் போகிறாள். இன்று காலையில் போனில் முகம் பார்த்து, ஆளுக்கொரு பாஷையில் கத்திக்கொண்டிருந்தோம். வைத்த பிறகு எழுதத் தோன்றியது.

காணும் பொங்கல், தை மூன்றாம் தேதி.