கேட்டுக்குள் போன லாரி

ராசிபுரம் தாண்டியதும் லாரி நெடுஞ்சாலையை விட்டு மண் தடத்தில் இறங்குகிறது. லிஃப்ட் கேட்டே நாடு சுற்றும் தனிப் பெண் நான். வண்டி சொல்லாமல் திரும்பினால் உடனே கேட்டுவிடுவேன்.

“நாமக்கல்லுக்கு நேராத்தானே போகணும்?” என்கிறேன்.

“தீவன மூட்டை எறக்கோணுங்க,” என்கிறார் டிரைவர்.

சோளக்காட்டு நடுவே ஓர் இரும்புக் கேட். நாங்கள் நுழைந்ததும் அது பின்னால் சாத்தப்படுகிறது. செல்போனில் சிக்னல் இல்லை. முகத்தை மூடிய ஆள் ஒருவர் கையில் குழாயோடு வருகிறார்.

“அந்தப் பொண்ண எறங்கச் சொல்லுங்க!”

கதவுப் பிடியை இறுகப் பற்றிக்கொள்கிறேன். குழாயிலிருந்து நெடியடிக்கும் மருந்துத் தண்ணீர் டயர்கள் மேல் சீறுகிறது.

“பயப்படாதீங்க சாமி.” டிரைவர் இறங்கி, தரையிலுள்ள தொட்டியில் தன் கால்களை நனைத்துக் காட்டுகிறார். “கோழிப்பண்ணைங்க இது. நீங்க ஊர் ஊராச் சுத்தி வாரீங்க. கால்ல என்ன சீக்கு ஒட்டியிருக்குதோன்னு அவருக்குப் பயமுங்க.”

செருப்போடு தொட்டியில் நிற்கிறேன். முகமூடிக்காரர் என் மேலிருந்து கண்ணை எடுக்காமல் இரண்டடி பின்வாங்குகிறார்.