பிடியரிசி வாங்கும் சாங்கூமி

நாலைந்து அரிசியை வாயில் போட்டு மென்ற பிறகுதான் என் வீட்டுப் பிடியரிசியைச் சாங்கூமி தன் முதுகுக்கூடையில் கொட்டுவாள். "பழசைக் கலந்திருக்கீங்க வாத்தியாரே" என்பாள். கர்த்தரையே ஏமாற்றும் ஆள் என்று பத்து வருஷமாக என்மேல் சந்தேகம்.

எங்கள் மிசோ மலையில் உலை வைக்கும்போதெல்லாம் சபைக்கென்று ஒரு பிடி எடுத்து வைத்துவிடுவோம். சனிக்கிழமைகளில் அதை வீடு வீடாக வாங்கிவருவது அவள் வேலை. வாங்கும் சாக்கில் அடுப்படியையும் எட்டிப் பார்ப்பாள். எந்த வீட்டில் எத்தனை பேர், யார் வெளியூர் போயிருக்கிறார்கள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

மூங்கில் பூத்து, எலி பெருகி, கதிரெல்லாம் தின்று தீர்த்த வருஷம் அந்தக் கூடை காலியாகவே திரும்பியது. பஞ்சம் என்றால் அரசாங்கம் நம்பவில்லை. பஞ்ச முன்னணி என்று கூடிய இளைஞர்கள்தான் இரண்டு நாள் நடந்து அரிசி சுமந்து வந்தார்கள். அவர்களில் ஒருவனான வெளியூர் ரோதாங்காவின் தோள்புண்ணுக்கு இவளே மருந்து போட்டாள். அவள் சந்தேகப்படாத ஒரே ஆள் அவன்தான். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

இந்த வருஷம் முன்னணி தன் பெயரிலிருந்து பஞ்சத்தை எடுத்துவிட்டு, மலைக்குத் தனி நாடு கேட்கும் கட்சியாகிவிட்டது. பஞ்சம் தீர்ந்த பிறகும் எதற்குச் சாக்கைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள் என்று சாங்கூமி என்னிடம் கேட்டாள். எனக்கும் உறுத்தல்தான். ஆனால் பட்டினியில் எட்டிப் பார்க்காத அரசாங்கத்தை மட்டும் எப்படி நம்புவது?

போன சனிக்கிழமை அவள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். ரோதாங்கா தோளில் பையும் கையில் நோட்டுமாக வந்தான். எந்த வீட்டில் எத்தனை வாலிபர்கள் என்று அவள் சொன்னால் எழுதிக்கொள்வானாம்.

"பஞ்சத்துல வந்தப்ப எத்தனை வாய்னு கேட்டீங்க தம்பி. இப்ப எத்தனை ஆம்பளைன்னு கேக்குறீங்க."

"நம்ம மலை நமக்கு வேணாமாக்கா?" என்றவன், அவள் வீட்டில் எத்தனை பேர் என்று மெதுவாகக் கேட்டான்.

"நான் ஒருத்திதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுடைய பத்தொன்பது வயது மகன் மலைக்காட்டில் களை பறித்துக்கொண்டிருந்தான். ரோதாங்காவின் பார்வை அடுப்பருகே இருந்த முறத்துக்குப் போனது.

"ரெண்டு ஆளுக்கு அரிசி எடுத்து வச்சிருக்கீங்களேக்கா."

சாங்கூமி முறத்து அரிசியை உள்ளங்கை ஓரத்தால் நடுவே கோடு கிழித்துப் பிரித்தாள். அவன் பையின் வாயை விரித்து, மகனுடைய பாதியை அதில் கொட்டினாள்.