பழனியம்மா அக்கா பார்த்த படம்

பழனியம்மா அக்கா போய்விட்டார். இன்று காலையில், எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில். பக்கத்து வீட்டுக்காரம்மா கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறார்...

எங்கள் மலையில் ஒண்டிக்கடை முக்கில் இருக்கும் என் செல்போன் கடைக்கு வருகிறவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை சந்தைப் பையோடு வந்து உட்காருவார். காபி எஸ்டேட்டில் வேலை. அப்பா இல்லாத வீட்டில் இரண்டு தம்பிகளைப் படிக்க வைத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அவருக்கு ஒரு படம் என்றால் உயிர். பழைய கறுப்பு வெள்ளைப் படம். தையல் மிஷின் மிதித்துத் தம்பிகளை ஆளாக்கும் ஓர் அக்காவின் கதை.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் அத்தா டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு விடுவார். மாரியம்மன் பண்டிகைக்கு லைனில் அந்தக் கேசட்டைப் போட்டபோது நானும் போயிருந்தேன். பழனியம்மா அக்கா அப்படி அழுதார். பெருமையான அழுகை.

"என்ற தம்பிங்களும் இப்படி நல்லா வருவானுங்க பாரு கண்ணு."

வந்தார்கள். பெரியவருக்கு சேலத்தில் அரசாங்க வேலை, சின்னவருக்கு பேங்க். கல்யாணம் முடிந்து இருவரும் மலையிறங்கிப் போனார்கள்.

அதற்குப் பிறகு ஒருநாள் என் கடை டிவியில் அதே படம். ஒரு தையல் மாஸ்டர் கதாநாயகியைப் பெண் கேட்பார். தம்பிகளுக்காக அவள் முடியாது என்பாள். எல்லோரும் கைதட்டும் சீன்.

"அந்த மனுசன் கொடைய எடுத்துக்கிட்டுப் போற மூஞ்சியப் பாரு கண்ணு. இத்தன வருசமா நான் அவளையேதான் பாத்துட்டு இருந்திருக்கேன்."

அக்காவையும் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர் பெண் கேட்டதாக எங்கம்மா சொல்லியிருக்கிறார்...

போன மழைக்காலத்தில் இருமல் வந்து வேலையை விட்டிருந்தார். சந்தோஷப்படுவாரே என்று என் போனில் அந்தப் படத்தைப் போட்டுக் கொடுத்தேன். பாதியில்,

"நிறுத்து சாமி."

"ஏனுங்கக்கா, கண்ணு வலிக்குதுங்களா?"

"நொம்ப நேரமா பாக்கறேன். இவ எல்லாத்துக்கும் சோறு போடறா. நீ சாப்டியான்னு ஒருத்தன் கேக்கல. படம் எடுத்தவனுக்கும் தோணல பாரு."

சேலம் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, ஊசி போட தினமும் வரச் சொன்னார்கள். என் போனிலிருந்துதான் பெரிய தம்பியிடம் பேசினார். ஸ்பீக்கரில் இருந்தது.

"பத்து நாளைக்கு உங்க ஊட்ல தங்கிக்கட்டுமா சாமி?"

"பசங்களுக்கு எக்ஸாம்க்கா. ஊடு வேற சின்னது..."

சின்னவர் எடுக்கவே இல்லை.

அந்த இருமலோடு அத்தனை கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் இறங்கி, சாயங்காலம் திரும்ப ஏறி... கொஞ்ச நாளில் போவதை நிறுத்திவிட்டார்.

இன்று தம்பிகள் இருவரும் காரில் வந்தார்கள். ஆள் உயர மாலை. பெரியவர் எல்லோர் முன்னாலும் அழுதார்.

"எங்கக்கா தனக்குன்னு ஒண்ணுமே கேட்டதில்லீங்க."

"கேட்டாங்களே," என்றேன். கொஞ்சம் சத்தமாகவே.

என்னைப் பார்த்தார். அப்புறம் மாலையைச் சரி செய்யத் திரும்பிக்கொண்டார்.

போய்ட்டு வாங்கன்னு சொல்ல மனசு வரலைங்கக்கா. போங்க. இந்தப் பக்கம் வராதீங்க.