கட்டங்களாக மாறிய திரை

எண்பதுகளின் நடுவில் கல்கத்தாவின் கார்டன் ரீச்சில் ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் அறையில் எனக்கு வேலை. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். காளிகாட்டிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வருகிறவளுக்கு அந்த ஏசிக் குளிர் பெரிய சுகம். ஆளுக்கொரு டெர்மினல்: பெரிய மெஷினோடு இணைந்த ஒரு திரையும் கீபோர்டும். பக்கத்து டெர்மினலில் ஒரு தீதி, வங்காளி அக்கா, இருந்தார். பல வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவர். என்னைவிட வயதில் மூத்தவர் என்றாலும் மத்தியானச் சாப்பாடு, வம்பு எல்லாம் எங்களுக்குச் சேர்ந்துதான்.

துர்கா பூஜை லீவுக்கு முந்தைய நாள். நாலு மணிக்கே பாதி அறை காலி. நானும் கிளம்பும் அவசரத்தில் ஃபைலின் பெயரில் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்துவிட்டேன். படிக்க வேண்டிய ஃபைலுக்குப் பதில் மெஷினுக்கு மட்டுமே புரியும் புரோகிராம் ஃபைல் ஒன்று திரையில் ஓடியது. டெர்மினல் பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றது. அதற்குப் பிறகு எதை அடித்தாலும் எழுத்து வரவில்லை. கோடும் கட்டமும்தான் வந்தன.

"கீ ஹோலோ ரே? என்ன ஆச்சு?" என்றார் தீதி.

"மெஷினையே கெடுத்துட்டேன், தீதி." அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மெஷின்கிட்ட நேரம் கேட்டுப் பார்க்கலாமா?"

தேதி, நேரம் காட்டும் கட்டளையைத் தந்தோம். கோடுகளுக்கு நடுவே எண்கள் மட்டும் சுத்தமாக வந்தன. சுவர்க் கடிகாரம் காட்டிய அதே நேரம்!

"நாம சொல்றது அதுக்குப் புரியுது. இந்தத் திரைக்குத்தான் காட்டத் தெரியல" என்றேன். உயிர் வந்தது. டெர்மினலை அணைத்து மறுபடி போட்டால் சரியாகலாம். ஆனால் அதற்கு முன் முறையாக வெளியேற வேண்டும். என்ன அடிக்கிறேன் என்று கண்ணுக்குத் தெரியாமல் என் விரல் ஓடவில்லை.

"நீ சொல்லு, நான் அடிக்கிறேன்" என்றார் தீதி.

நான் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தபடி அடித்தார். கடைசியில் எண்டர். பிறகு சுவிட்சை அணைத்து மறுபடி போட்டோம். திரை மெல்லச் சூடேறியது. உள்ளே வரச் சொல்லும் 'லாகின்' என்ற சொல், பச்சையில், முழுசாக.

"ஓ மா!" என்று தீதி என் தோளில் ஓங்கி அடித்தார். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

லீவு முடிந்து வந்த என்ஜினியர் கதையைக் கேட்டுவிட்டு, "இதுக்கு ஒரு கட்டளையே இருக்கே. ரீசெட்னு அடிச்சா போதும்" என்றார். எங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

கல்யாணமாகி மதராஸுக்கு வந்த பிறகு, வேறோர் அலுவலகத்தில், மறுபடி ஒருநாள் திரை கட்டங்களாக மாறியது. ரீசெட் என்று அடித்தேன், உடனே சரியாயிற்று. அன்று சாயங்காலம் தீதிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பேசத் தெரிந்த அளவுக்கு எனக்குப் பெங்காலி எழுதத் தெரியாது. தப்பும் தவறுமாக இரண்டு பக்கம் எழுதினேன்.