சிங்கப்பூரான் புத்தகமும் தாண்டக் கூடாத வாய்க்காலும்

எங்கள் தெருவில் வெறிநாய்க்கடிக்கு முதன்முதலில் ஊசி போட்டுக்கொண்டது ஒரு நாய்தான். மனிதர்கள் யாரும் அதுவரை போட்டுக்கொண்டதில்லை. கடி வாங்காததால் அல்ல. கடி வாங்கினால் எங்களுக்கு வேறு ஏற்பாடு இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த நாய் எதிர்வீட்டு அத்தையுடையது. சொந்த அத்தை இல்லை. ஒரே சபைக்காரர்கள், முறை வைத்துக் கூப்பிட்டுக்கொள்வோம், அவ்வளவுதான். அத்தையின் ஒரே மகன் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போய், அங்கே கொஞ்சம் மேலே வந்து, இங்கே பழைய வீட்டை இடித்து மாடி வைத்துக் கட்டினான். ஆறு அறை. அதில் அத்தை ஒருத்தி. அம்மா தனியாக இருக்கிறாளே என்று அவனுக்கும் கவலை வந்திருக்கிறது. அதற்காகத் திரும்பியா வர முடியும்? தஞ்சாவூரில் சொல்லிவைத்து வெள்ளைச் சடைநாய் ஒன்றை வாங்கி விட்டுவிட்டுப் போனான். அவன் அதற்கு வைத்த பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. சிங்கப்பூரான் என்று கூப்பிட்டோம். அதுவும் திரும்பிப் பார்த்தது.

சிங்கப்பூரானுக்கு ஒரு புத்தகம் உண்டு. நீல அட்டை, மேலே நாய்ப் படம். என்ன ஊசி, எப்போது போட்டது, அடுத்தது எப்போது என்று எல்லாம் இங்கிலீஷில். அத்தை அதை வேதாகமத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். எங்கள் தெருவில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதியே சரியாகத் தெரியாது. நாங்கள் அந்தப் புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்போம். செல்போன் வந்த புதுசு. ஞாயிற்றுக்கிழமை மகன் கூப்பிட்டால், டவர் கிடைப்பதற்காக அத்தை மொட்டை மாடியில் நின்று கத்துவார். "நல்லா இருக்குப்பா. சாப்பிடுதுப்பா. நேத்துதான் குளிப்பாட்டினேன்." தன்னைப் பற்றி அவர் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்தால்தானே.

எனக்கு மோட்டார் காயில் கட்டுகிற வேலை. அது உபதொழில் என்பாள் என் மனைவி. முழுநேரத் தொழில் கவலைப்படுவதாம். பொய்யில்லை. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட வருஷம், தெருக்கோடியில் ஏர் ஓட்டுகிற ஒருவரைத் தெருநாய் கடித்தது. அன்றைக்கே நாயை அடித்துக் கொன்று பழி தீர்த்துக்கொண்டார்கள். அவருக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்த, கடிக்குப் பார்க்கிற ஒருவரிடம் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். ஒன்றரை மாதம் கழித்து, தண்ணீர்ச் செம்பைப் பார்த்தாலே அவருக்குத் தொண்டை இழுத்துக்கொண்டது. ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. மூன்றாம் நாள் அடக்கம். கயிறு கட்டியும் ஏன் செத்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. "பத்தியம் மீறிட்டான்" என்றார்கள், அதோடு முடிந்தது.

பல வருஷம் கழித்து, ஒரு குறுவை நடவு நேரம். அத்தை வீட்டு மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை என்று போனேன். மோட்டாரைத் தூக்கிக்கொண்டு பின்னால் கால் வைத்தேன். சிங்கப்பூரானின் வாலில் வைத்துவிட்டேன். கெண்டைக்காலில் இரண்டு பல். பெரிய காயம் ஒன்றும் இல்லை, முள் கீறின மாதிரி இரண்டு பொட்டு ரத்தம். எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

"ஒண்ணும் ஆகாது தம்பி, ஊசி போட்ட நாயி" என்று அத்தை உள்ளே ஓடிப் புத்தகத்தை எடுத்துவந்து காட்டினார். கடித்த இடத்தைக் கழுவ ஒரு சொம்புத் தண்ணீர் யாரும் கொண்டுவரவில்லை. ஒருவர் சுண்ணாம்பு அப்பினார். இன்னொருவர் அதற்கு மேல் காப்பித்தூள். காலில் கடையே வைத்துவிட்டார்கள்.

சுகாதார நிலையத்து டாக்டர் அதையெல்லாம் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிவிட்டு இரண்டு விஷயம் சொன்னார். "இன்னைக்கே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயி ஊசி ஆரம்பிச்சிடுங்க. நாயையும் பத்து நாள் கவனிச்சுக்கிட்டே இருங்க."

"தொப்புளைச் சுத்தியா சார்?"

"அந்தக் காலமெல்லாம் போச்சுங்க. கையிலதான்."

ஊசி போடுகிறவர்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்? சட்டையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டேன். அவர் சொன்ன இரண்டில் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டேன். நாயைப் பார்க்க வேண்டும். பார்ப்பதில் என்ன வலி?

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள், வேலை இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டு, திருத்துறைப்பூண்டிப் பக்கம் அதே கயிறு கட்டுகிறவரிடம் போனேன். ஆமாம், அதே ஆள். எங்களுக்கு இதெல்லாம் முரண்பாடாகத் தோன்றாது. அங்கே வரிசையில் எனக்கு முன்னால், துண்டால் தலையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் எங்கள் சபை மூப்பர். கயிறு, தாயத்து எல்லாம் பிசாசின் காரியம் என்று போன வாரம்தான் எங்களுக்கு அரை மணி நேரம் விளக்கியிருந்தார்.

"ஐயா…" என்றேன்.

"நான் இங்க வரல" என்றார்.

"நானும் வரலைங்க."

"பூனை பிறாண்டிடுச்சு" என்று கையைக் காட்டினார். பிறகு இருவரும் வேறு வேறு திசையைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

கயிறு கட்டுகிறவர் என் வலது கையில் கறுப்புக் கயிற்றைக் கட்டிவிட்டுச் சொன்னார்: "உப்புக் குறைச்சுக்க. கவிச்சி தொடாத. பத்து நாளைக்கு ஓடுற தண்ணியைத் தாண்டக் கூடாது. தாண்டினா நான் பொறுப்பு இல்ல."

"இப்ப வீட்டுக்குப் போறதுக்கே ஏழு வாய்க்கால் தாண்டணுமேங்க."

அவர் யோசிக்கவே இல்லை. "நாளைக்கு விடிஞ்சதுலேருந்து கணக்கு."

எங்கள் ஊரைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். காவேரித் தண்ணீர் வந்துவிட்டால், வாய்க்கால் தாண்டாமல் டீக்கடைக்குக்கூடப் போக முடியாது. பத்து நாள் ஓடுகிற தண்ணீரைத் தாண்டாமல் இங்கே இருக்க முடிந்தவர்கள் தொட்டில் குழந்தைகளும் கல்லறைத் தோட்டத்தில் இருப்பவர்களும்தான். செத்துப்போகிற ஒவ்வொருவனும் கண்டிப்பாக ஒரு வாய்க்காலைத் தாண்டியிருப்பான். கயிறு கட்டுகிறவர் ஒருநாளும் தோற்க மாட்டார். இது எனக்கு இப்போது புரிகிறது. அப்போது, வேலைக்குப் போகாமல் வீட்டோடு உட்கார்ந்துவிட்டேன். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கவும் நல்ல காரணம் கிடைத்துவிட்டது. போகிற வழியெல்லாம் தண்ணீர்.

கயிற்றைப் பார்த்த அன்றைக்கு என் மனைவி உப்பு ஜாடியை எடுத்துப் பரணில் வைத்தாள். மறுநாள் காலையில் ஆரம்பித்தாள். "ஏங்க, குழாயில வர்ற தண்ணி ஓடுற தண்ணியா, நிக்கிற தண்ணியா? கேட்டுக்கிட்டு வந்தீங்களா? காலைத் தூக்கி வச்சிடப் போறீங்க."

இனி என் உயிர் சிங்கப்பூரானிடம். அது பத்து நாள் நன்றாக இருந்தால் நானும் இருப்பேன். காலையில் எழுந்ததும் ஒரு செம்புத் தண்ணீர் குடித்துப் பார்ப்பேன், தொண்டையில் இறங்குகிறதா என்று. பிறகு எதிர்வீட்டுக்குப் போய் அது தண்ணீர் குடிக்கிறதா என்று பார்ப்பேன். கையில் பிஸ்கட். ஒரு நாளைக்கு நான்கு தடவை. அத்தைக்கு ஒரே சந்தோஷம். "கடிச்ச நாயி மேல இவ்வளவு பாசமா தம்பி?" என்று கண்கலங்கினார். நான் மறுக்கவில்லை.

விஷயம் தெருவுக்குப் பரவியது. நடவுக்குப் போகிற பெண்கள் என் வாசலில் நின்று, "என்னண்ணே, நாயி நல்லா இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவில்லை. அது சாகாமல் இருந்தால் நான் சாகமாட்டேன் என்ற கணக்கு எல்லாருக்கும் புரிந்துவிட்டதால், வீட்டுக்கு வீடு அதற்குச் சாப்பாடு. இட்லி, மீன் தலை, விருந்தில் மிஞ்சின பிரியாணி. எனக்குப் பத்தியம். உப்பில்லாத ரசத்தைக் குடித்துக்கொண்டு அது கோழிக்கால் கடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் நாள் காலை சிங்கப்பூரான் சாப்பிடவில்லை. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. தண்ணீரை வைத்தால் முகத்தைத் திருப்பியது. வாயிலிருந்து எச்சில் நூல் மாதிரி வடிந்தது.

எனக்கு அந்த ஜன்னலும் செம்பும் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டன. தெருவே கூடிவிட்டது. "அடிச்சிப் போட்டுடலாம்" என்று ஒரு குரல். அத்தை கட்டிலுக்கு முன்னால் குறுக்கே உட்கார்ந்துகொண்டு, "எம்மேல கை வச்சிட்டு அப்புறம் அதும்மேல வைங்கடா" என்றார். அவர் கை நடுங்கியது. முகமெல்லாம் வேர்வை. நான் அதை அப்போது கவனிக்கவில்லை. எனக்கு ஒரே ஒரு யோசனைதான் ஓடியது. மன்னார்குடியில் மாட்டு டாக்டர் இருக்கிறார். இதைப் பிழைக்க வைத்துவிட்டால் நானும் பிழைத்துவிடுவேன்.

நாயைச் சாக்கில் சுற்றி, அத்தை மடியில் வைத்து, ஆட்டோவில் ஏற்றி, நானும் என் மனைவியும் ஏறிக்கொண்டோம். ஊர் எல்லையில் மதகு. அதற்குக் கீழே கரை தொட்டு ஓடுகிற தண்ணீர். "நிறுத்துப்பா" என்றேன். ஆட்டோ நின்றது. தாண்டினால் கயிறு போச்சு. தாண்டாவிட்டால் நாய் போச்சு. எந்தப் பக்கம் சாவு என்று தெரியாமல் மதகுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என் மனைவி இறங்கிவந்தாள். "கயித்தை அவுத்து இந்த மதகு மேல வையுங்க. மேல ஒரு கல்லு வச்சிட்டுப் போவோம். வரும்போது எடுத்துக் கட்டிக்கலாம். அது இந்தப் பக்கமே இருக்கப் போகுது, தாண்டினதா ஆகாது."

கேலி என்று தெரிந்தது. இருந்தாலும் அப்படியே செய்தேன். கல்லையும் நானே தேடி எடுத்தேன்.

மாட்டு டாக்டர், ஏழு நாளுக்கு முன்னால் ஆளைக் கடித்த நாய், எச்சில் வடிகிறது என்று கேட்டதும் இரண்டடி பின்னால் போனார். இரண்டு கையுறை மாட்டினார். நாயைக் கட்டி, கட்டையால் வாயைத் திறந்து டார்ச் அடித்தார். மேலண்ணத்தில் குறுக்காக ஒரு கோழி எலும்பு. இடுக்கியால் எடுத்துத் தட்டில் போட்டார். 'டிங்' என்று சத்தம் கேட்டது. என்னைக் காப்பாற்றுவதற்காக என் தெரு போட்ட எலும்பு அது.

சிங்கப்பூரான் எழுந்து நின்று தண்ணீர் குடித்தது. நான் அழுதுவிட்டேன்.

"நீங்க எத்தனை ஊசி போட்டிருக்கீங்க?" என்றார் டாக்டர்.

"நாய்க்குப் போட்டிருக்குங்க" என்று புத்தகத்தை நீட்டினேன்.

அவர் புரட்டினார். "இதுல அடுத்த ஊசிக்கான தேதி போயி ஆறு மாசம் ஆச்சு. யாரும் படிக்கலையா?"

யாரும் படிக்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தோம், அவ்வளவுதான்.

"நாய்க்குப் பத்து நாள் முடிஞ்சதும் கூட்டிட்டு வாங்க, போட்டுடலாம். நீங்க இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. நாயைப் பார்க்கிறது ஊசிக்குப் பதில் இல்லைங்க. ரெண்டும் செய்யணும்." கையில் வேறு காகிதம் இல்லாததால், நாய்ப் புத்தகத்தின் காலிப் பக்கத்திலேயே ஆஸ்பத்திரிக்கு நாலு வரி எழுதிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாருக்குங்க ஊசி?"

"எனக்குத்தான்."

"நாய்ப் படம் போட்டிருக்கு?"

"உள்ள டாக்டர் எழுதியிருக்காரு பாருங்க."

"எந்த டாக்டரு?"

"மாட்டு டாக்டர்."

வரிசையே சிரித்தது. ஊசி கையில்தான் போட்டார்கள். எறும்பு கடித்த மாதிரி. இதற்கா இத்தனை நாள் உப்பில்லாமல் சாப்பிட்டேன் என்று எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. அடுத்தடுத்த தேதிகளையும் நர்ஸ் அந்தப் பக்கத்திலேயே எழுதினார்.

அதனால் ஒரு சிக்கல். அத்தை அந்தப் புத்தகத்தை யாரிடமும் தனியாகக் கொடுத்தனுப்ப மாட்டார். என் ஒவ்வொரு ஊசிக்கும் அவரும் புத்தகத்தோடு கூடவே வந்தார். மூன்றாவது தடவை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்தார். நர்ஸ் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷமா சுகர் இருக்கு?" என்றார். எங்களுக்கு என்ன தெரியும்? சிங்கப்பூரானின் எடை எவ்வளவு என்று கேட்டிருந்தால் தெரு முழுக்கச் சொல்லியிருக்கும். அத்தைக்கான மாத்திரையும் மறுபடி வரவேண்டிய தேதியும் அடுத்த பக்கத்தில் ஏறின.

கயிறு போதாது, ஊசி போட்டுத்தான் ஆக வேண்டும் என்று சபை மூப்பரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரகசியமாகச் சொன்னேன். "பூனைதானே" என்றார். என் கடைசி ஊசிக்குப் போனபோது வரிசையில் எனக்கு முன்னால் ஒருவர் துண்டால் தலையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வேறு திசையைப் பார்த்துக்கொண்டேன்.

கயிறு? திரும்பி வரும்போது மதகில் கல் இருந்தது, கயிறு இல்லை. யாரோ எடுத்துக் கட்டிக்கொண்டு போயிருப்பார்கள். நல்லா இருக்கட்டும்.

கிறிஸ்மஸுக்கு அத்தை மகன் லீவில் வந்தான். முதல் வேலையாக நாயைத் தூக்கிக் கொஞ்சினான். பிறகு புத்தகத்தை எடுத்துப் புரட்டினான். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அத்தையின் சுகர், நடுவில் ஓர ஓரமாக இடுக்கிக்கொண்டு நாயின் ஊசி.

"என்னம்மா இது, நாயோட புக்குல யார் யாரோ எழுதியிருக்காங்க?"

அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கவில்லை. "படிச்சவன்தானே நீ. அது யாருன்னு படிச்சுப் பாரு" என்றார்.

அவன் இரண்டு பக்கத்தையும் நின்றுகொண்டே படித்துவிட்டு, நாயைத் தாண்டி அடுப்படிக்குள் போனான். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் காலையில் எழுந்ததும் ஒரு செம்புத் தண்ணீர் குடித்துப் பார்க்கிறேன். "இறங்குதா?" என்று உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வரும். இறங்குகிறது.